லேப்டாப் கட்டாயமாமே? முதலாமாண்டு மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

இந்த ஆண்டு முதல் எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு சேரும் எல்லோரிடமும் லேப்டாப் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒட்டியிருக்கும் சுற்றறிக்கை ஒரே பக்கம்தான். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களின் சந்தேகம்தான் ஓய்ந்தபாடில்லை. நான் கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், சேர்க்கை நாட்களில் உதவி மேசையில் உட்கார்ந்தவன். காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று வடசென்னையில் எங்கிருந்து வந்தவர்களும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். பதிலில் விதியும் இருக்கும், என் சொந்த யோசனையும் இருக்கும். எது எது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சார், லேப்டாப் இல்லைன்னா சீட்டு தர மாட்டீங்களா?

தருவோம். சேர்க்கைக்கும் லேப்டாப்புக்கும் சம்பந்தமே இல்லை. சான்றிதழ் பார்க்கும்போதும் பணம் கட்டும்போதும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வகுப்பு திறக்கும்போது கையில் இருந்தால் போதும். அதுவரை ஆய்வகக் கணினியில் வேலை நடக்கும்.

இந்த அவகாசம் சும்மா வந்ததில்லை. முதலில் ஜூன் கடைசி என்றுதான் போட்டிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அதை நம்பிப் பிழைக்கும் ஐஸ் கடை, வலை பின்னுகிறவர், மீன் கூடை தூக்குகிறவர் எல்லோருக்கும் வருமானம் படுத்திருக்கும். அது முடிந்த கையோடு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் லேப்டாப்பும் வாங்கு என்றால் எப்படி என்று சில ஆசிரியர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் தள்ளிவைத்தார்கள்.

போன்தான் இருக்குதே, அதுலயே பண்ணிக்கக் கூடாதா?

பாடம் பார்க்க, பி.டி.எஃப். படிக்க, ஆசிரியர் அனுப்புவதை வாங்கிக்கொள்ள போன் தாராளமாகப் போதும். தட்டச்சு செய்து, கட்டம் போட்டு, திருத்தி, திரும்பத் திருத்தி ஒன்றை உருவாக்க வேண்டும் என்றால்தான் திணறும். பி.காம். மாணவர் எக்செல்லில் முப்பது வரி லாப நட்டக் கணக்கு போடுவதை போனில் செய்து பாருங்கள். விரல் ஒரு கட்டத்தில் இருக்கும், கண் தேடும் கட்டம் திரைக்கு வெளியே இருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருளும் புரோகிராமிங்கும் சொல்லவே வேண்டாம்.

ஒரு நடுவழி உண்டு. புளூடூத் கீபோர்டு ஒன்று வாங்கி போனோடு இணைத்தால் கட்டுரை, அசைன்மென்ட் எழுதலாம். தமிழ், வரலாறு மாணவர்கள் முதல் பருவத்தை இப்படியே ஓட்டிவிடலாம் என்பது என் கணிப்பு. விதி இதை ஒப்புக்கொள்ளாது, அது வேறு.

எந்த கோர்ஸுக்கு எந்த மாதிரி லேப்டாப் வாங்கணும்? கடைக்காரர் ஐ7 வாங்கச் சொல்றாரு.

கடைக்காரர் சொல்லத்தான் செய்வார். கலை, வணிகவியல், அடிப்படை அறிவியல் எல்லாவற்றுக்கும் ஐ3 அல்லது ரைசன் 3 பிராசஸர், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். பி.சி.ஏ., கணினி அறிவியல் என்றால் ஐ5, ரைசன் 5 வகையும் 512 ஜி.பி.யும் இருந்தால் மூன்று ஆண்டும் நிம்மதி. வீடியோ எடிட்டிங் செய்யும் விஷுவல் கம்யூனிகேஷன்காரர்களுக்கு மட்டும் 16 ஜி.பி. ரேம் தேவைப்படும்.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். சேமிப்பு இடம் 'இ.எம்.எம்.சி.' என்று போட்டிருந்தால் அது எஸ்.எஸ்.டி. அல்ல, மெதுவாக இருக்கும், பெரும்பாலும் மாற்றவும் முடியாது. ரேமை பின்னால் கூட்டிக்கொள்ள முடியுமா, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டுங்கள்.

கவர்மென்ட்டுல குடுப்பாங்கன்னு சொல்றாங்களே, வெயிட் பண்ணலாமா?

2025ஆம் ஆண்டு தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். யாருக்கு, எந்த ஆண்டு மாணவருக்கு என்பது அரசு வைத்திருக்கும் பட்டியல். பல்கலைக்கழகம் நினைத்தால் ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. உங்கள் பெயர் வருமா என்று அலுவலகத்தில் கேளுங்கள், மாணவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வரும் என்று தெரிந்தால் கடன் வாங்கிப் புதிது வாங்காதீர்கள். அது வரும்வரை இரவல் லேப்டாப் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது அதைப் பற்றித்தான்.

வாங்கவே முடியாதுன்னா என்ன பண்றது?

இரவலுக்கு மனு கொடுங்கள். ஒரு தாளில் பெயர், வகுப்பு, வாங்க முடியாத காரணம், பெற்றோர் கையெழுத்து. துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) பார்த்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். வருமானச் சான்றிதழ் இருந்தால் இணைக்கலாம். இல்லை என்பதற்காக மனுவைத் தள்ள மாட்டார்கள். பருவம் முழுவதும் உங்களிடம் இருக்கும், தேர்வு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைக் கட்டாயம் என்று சொல்லும் நிறுவனம், அது இல்லாதவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அது சலுகை இல்லை, கட்டாயத்தின் மறுபாதி. ஆகவே கூச்சப்பட்டு மனு கொடுக்காமல் இருக்காதீர்கள். வெளியே வார வட்டிக்கு வாங்கி, வகுப்புக்கு வரும் முதல் நாளே கடனோடு வருவதைவிட இது எவ்வளவோ மேல். தண்டல்காரரிடம் வாங்கி லேப்டாப் எடுத்த ஒரு பையன், தவணை கட்ட மாலையில் வேலைக்குப் போகத் தொடங்கினான். அந்த லேப்டாப்பைத் திறக்கவே அவனுக்கு நேரம் இல்லை.

அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப் இருக்கு. அது செல்லுமா?

செல்லும். விதியில் 'லேப்டாப்' என்றுதான் இருக்கிறது, புதிது என்று இல்லை. அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011இல் தொடங்கியது. அன்றிலிருந்து கொடுத்ததில் பல இன்னும் வடசென்னை வீடுகளில் பீரோ மேல் துணி சுற்றிக் கிடக்கின்றன. முதலமைச்சர் படம் ஒட்டிய மூடியோடு வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வருகிறது.

விண்டோஸ்தான் சிக்கல். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய அரசு லேப்டாப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றினால் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் நன்றாகவே ஓடும். இந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது, ஆகவே அந்நியமான ஒன்றும் இல்லை. டேலி கட்டாயம் தேவைப்படும் பி.காம். மாணவருக்கு மட்டும் லினக்ஸ் கை கொடுக்காது. அவர்கள் டேலி வேலையை ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? ஏமாத்திடுவாங்களா?

வாங்கலாம். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்திலிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்.பி. எலைட்புக் போன்றவை அங்கே குவியும். புதிய மலிவு லேப்டாப்பைவிட இவற்றின் உடம்பு கெட்டி. என் தம்பி மகளுக்கே இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன்.

'ஐ5 சார்' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஐ5 2009இலிருந்து வருகிறது. 'ஐ5' என்பதை அடுத்து, சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 8இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை, 6 என்றால் ஆறாம் தலைமுறை. எட்டுக்குக் கீழே வேண்டாம், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. அப்புறம் லேப்டாப்பை மூடி, சமமான கண்ணாடி மேசை மேல் வையுங்கள். ஆடினாலோ, திறந்தபின் டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் அது. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிய பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக, கடையிலேயே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் செட்டிங்குக்குள் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அது பழைய கம்பெனி போட்ட பூட்டு, பின்னால் உங்களுக்குத்தான் தலைவலி. எல்லாக் கீயையும் தட்டிப் பாருங்கள். சீரியல் எண் போட்ட பில் வாங்காமல் படி இறங்காதீர்கள். அந்தப் பில் எதற்கு என்று கீழே வருகிறது.

வட்டியே இல்லாத இ.எம்.ஐ.ன்றாங்க. எடுக்கலாமா?

வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 'நோ காஸ்ட்' என்பதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுகிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கே கிடைத்திருக்கலாம். மேலும் கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாக வரும், பல நேரம் பிராசஸிங் கட்டணமும் வரும்.

எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 'ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு, தவணையில் எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்று இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி வாங்குங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தபின் உங்கள் இஷ்டம். மகளிர் குழுவில் இருக்கும் அம்மாக்கள் குழுக் கடன் வட்டியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல நேரம் அதுதான் குறைவாக வரும்.

எஜுகேஷன் லோன்ல லேப்டாப்பையும் சேர்க்கலாமாமே?

சேர்க்கலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் சேர்க்க இடம் இருக்கிறது. 'தேவை என்றால்' என்பதுதான் இதுவரை முட்டுக்கட்டை. மேனேஜர் நம்ப மாட்டார். இப்போது கட்டாயம் என்று ஆகிவிட்டதால் சுற்றறிக்கையின் நகலும், அலுவலகத்தில் வாங்கும் செலவு மதிப்பீட்டுச் சான்றும் அந்தத் தேவைக்கு அத்தாட்சி. இந்த விதியால் வந்த ஒரே நேரடி லாபம் இதுதான் என்பேன்.

4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு நீங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை, அடமானமும் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். லேப்டாப்பை முதலில் வாங்கிவிட்டு லோனுக்குப் போகாதீர்கள். மதிப்பீட்டில் அது இருக்க வேண்டும், பில் பின்னால் வரலாம்.

கரண்ட் பில் ஏறிடுமா?

பெரிதாக ஏறாது. 45 வாட் சார்ஜர் நாளுக்கு 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால்கூட இரண்டு மாதத்துக்கு 11 யூனிட்டுக்குள்தான். ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடாக இருந்தால் வளாகத்திலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போங்கள். நூலகத்தில் பிளக் பாயின்ட் போதாது என்று எனக்கும் தெரியும். ஆய்வகத்தின் பின்வரிசை மாலை 6 மணி வரை திறந்திருக்கும்.

எங்க வீடு கடல் ஓரம், ஒரே ரூம். அங்க வெச்சா கெட்டுப்போயிடாதா?

நல்ல கேள்வி, இதை அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று உலோகத்தைத் தின்னும். ஒரு மாணவி கொண்டுவந்த லேப்டாப்பை நான் திறந்தபோது சார்ஜர் குத்தும் இடத்தைச் சுற்றிச் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஜன்னல் திண்டிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்திருக்கிறாள். மணலி, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் விசிறியை அடைக்கும். சும்மா இருக்கும்போதே 'உய்ங்' என்று கத்தினால் அதுதான் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து தூசி எடுக்க வேண்டும், ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தால் நாங்களே செய்து தருகிறோம்.

ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி, மூடிய பையில் வையுங்கள். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள். அடிக்கடி பயன்படுத்துவதே பாதி மருந்து, சூட்டில் ஈரம் காயும். உலோக உடம்பைத் தொட்டால் கையில் சுருக்கென்று இழுத்தால் பிளக்கில் எர்த் சரியில்லை. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை கன்வெர்ட்டரில் குத்துவதை நிறுத்துங்கள்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் பிறந்தால் இடம் பரண்தான், கட்டிலுக்கு அடியில் வேண்டாம். நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள், அரிசியிலும் புதைக்காதீர்கள். சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

நெட்டுக்கு வழியில்ல. போன் டேட்டா ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி.தான்.

போனில் ஹாட்ஸ்பாட் போட்டதும் லேப்டாப்பில் அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒரே மூச்சில் அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். வீடியோவை 480பியில் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ அரை ஜி.பி. ஆகும். பெரிய கோப்புகளை வளாக வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் போட 500 ரூபா கேக்குறான். குடுக்கலாமா?

வேண்டாம். அந்த 500 ரூபாய்க்கு வருவது கிராக் செய்த பிரதி, கூடவே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும் மைக்ரோசாஃப்ட்டின் மாணவர் கணக்கில் வேர்டும் எக்செல்லும் பிரவுசரிலேயே இலவசம். நெட் இல்லாமல் வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆன்டிவைரஸ் விண்டோஸோடே வருகிறது. தமிழ் தட்டச்சுக்கும் தனி மென்பொருள் வேண்டாம், தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் செட்டிங்கிலேயே இருக்கிறது.

பஸ்ஸுல போகும்போது அடிச்சுட்டுப் போயிட்டா?

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். போனுக்கு இருப்பது போல லேப்டாப்புக்கு ஐ.எம்.இ.ஐ. எண் கிடையாது, சீரியல் எண்தான் அடையாளம். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பில்லை வற்புறுத்தியது இதற்காகத்தான். பில்லையும், லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ரசீது நகலைக் கொண்டு வந்தால் அன்றைக்கே இரவல் லேப்டாப் தருவோம்.

லேப்டாப் கம்பெனி பெயர் அச்சடித்த பையில் கொண்டு வராதீர்கள். சாதாரணப் பள்ளிப் பை போதும், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவல் லேப்டாப் உடைஞ்சுபோனா நான் கட்டணுமா?

தேய்மானத்துக்கும் தானாக வந்த கோளாறுக்கும் கட்ட வேண்டாம். கை தவறி விழுந்து திரை உடைந்தால் பழுதுச் செலவில் பாதி. கையெழுத்துப் போடும் படிவத்திலேயே இது இருக்கிறது, படித்துவிட்டுப் போடுங்கள். எடுக்கும்போதே இருக்கும் கீறலையும் தளர்ந்த கீல்களையும் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நாங்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

எங்க வீட்ல ரெண்டு பேரும் இங்கதான் படிக்கிறாங்க. ஒண்ணு போதாதா?

முதலாமாண்டு பிள்ளைக்கு மட்டும்தான் விதி. அக்காவிடம் இருப்பதைத் தம்பியும் பயன்படுத்தலாம், வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று பிரிந்திருந்தால் வசதி. ஒரே லேப்டாப்பில் இரண்டு தனி யூசர் கணக்கு போடுங்கள், இல்லையென்றால் ஒருவர் அசைன்மென்ட் இன்னொருவர் பெயரில் போய் நிற்கும். தேர்வு ஒரே நேரத்தில் வந்தால் அந்த நாளைக்கு மட்டும் ஆய்வகத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

நாங்க என்ன பாக்குறோம்னு காலேஜ்ல இருந்து பாப்பாங்களா?

உங்கள் சொந்த லேப்டாப்பில் நாங்கள் எதையும் நிறுவுவதில்லை. வளாக வைஃபையில் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்ற பதிவு சர்வரில் இருக்கும், எந்த அலுவலகத்திலும் அப்படித்தான். இணையவழித் தேர்வு வைத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு தேர்வு பிரவுசர் போடச் சொல்வார்கள். தேர்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள். இரவல் லேப்டாப்பைத் திருப்பித் தரும் முன் உங்கள் படங்களையும் கணக்குகளையும் நீங்களே நீக்கிவிட்டுக் கொடுங்கள்; நாங்களும் முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தருகிறோம்.

லேப்டாப் வாங்கிக் குடுத்தா படிப்பாளா, படம் பாப்பாளா?

இரண்டும்தான், அப்பா.

மிஸ் இன்னும் போர்டுலதான் எழுதிப் போடுறாங்க. அப்புறம் எதுக்கு சார் வாங்கச் சொன்னீங்க?

இருப்பதிலேயே நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் எல்லாத் துறையும் இன்னும் தயாராகவில்லை. வணிகவியலிலும் கணினித் துறையிலும் லேப்டாப் இல்லாமல் பாடம் நகராது என்ற நிலை வந்துவிட்டது. வேறு சில துறைகளில் மாணவர் பையில் சுமந்து வந்து அப்படியே திருப்பி எடுத்துப் போகிறார்கள். பாடத்தை மாற்றாமல் பொருளை மட்டும் வாங்கச் சொல்வது முறையில்லை என்று கூட்டத்தில் நானே சொன்னேன்.

உங்கள் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் லேப்டாப்புக்கு வேலையே வரவில்லை என்றால் வகுப்புப் பிரதிநிதி மூலம் எச்.ஓ.டி.க்கு எழுதிக் கொடுங்கள். எந்தத் தாள், எத்தனை வாரம் என்று குறிப்பிட்டு எழுதினால் பதில் வரும்; 'வேஸ்ட் சார்' என்று எழுதினால் வராது. அடுத்த ஆண்டுக்கான விதியைத் திருத்தும் கூட்டம் ஏப்ரலில் நடக்கும். அதற்கு முன்னால் கைக்கு வரும் கடிதங்களை மட்டும்தான் அங்கே எடுத்துப் போட முடியும்.